செய்கூலி, சேதாரம் சேர்த்து விலை போடு, தங்கச்சி!

வயர் கூடை, பழைய பட்டுச் சேலையில தெச்ச சுருக்குப் பை, பாட்டி காலத்துப் பித்தளைக் கூஜா. இதையெல்லாம் செல்போன்ல படம் பிடிச்சுப் போட்டு வித்துடலாம்னு கிளம்புறவங்க இப்போ தெருவுக்கு ரெண்டு பேர் இருக்காங்க. நல்ல விஷயம்தான். ஆனா ஆறு மாசத்துல கை சலிச்சுப் போய் நிறுத்திடுறாங்க. கேட்டா, "ஃபாலோயர் ஏறலக்கா"ன்னு சொல்வாங்க. நோட்டை வாங்கிப் பார்த்தா விஷயம் வேற. தன் உழைப்புக்கு என்ன கூலின்னு அதுல ஒரு வரிகூட இருக்காது. விக்கிற பொருளைப் பத்தின விவரமும் "அழகான கைவேலை, விலைக்கு இன்பாக்ஸ் வாங்க"ங்கிறதோட முடிஞ்சிருக்கும். இந்த ரெண்டையும் எழுதப் பழகிட்டா பாதிக் கடை நடந்த மாதிரி.

முதல்ல கூலி

நகைக்கடையில தங்கத்தோட விலைக்கு மேல செய்கூலி தனி, சேதாரம் தனின்னு போடுறாங்க. நாமளும் கொஞ்சம் முணுமுணுத்துட்டுக் கொடுத்துட்டுத்தானே வர்றோம்? அதே நாம கூடை பின்னும்போது மட்டும் வயர் காசை ரெண்டால பெருக்கி விலை சொல்றோம். அது யார் கத்துக் கொடுத்த கணக்கோ தெரியல.

ஒரு பேச்சுக்கு நடுத்தர அளவு வயர் கூடை ஒண்ணை எடுத்துக்கோ. வயரும் கைப்பிடியும் 230 ரூபாய். அட்டைப்பெட்டி, டேப், பேர் அட்டை 60 ரூபாய். ஆக 290. பின்றதுக்கு 6 மணி நேரம். படம் எடுக்க, பதில் சொல்ல, பேக் பண்ண 1 மணி நேரம். இந்தக் கடைசி ஒரு மணி நேரத்தை யாரும் எழுதுறதே இல்ல, நீ எழுது. மணிக்கு 60 ரூபாய்னு வெச்சா 420. இதுவரைக்கும் 710. அறுந்த வயர், திரும்பி வந்த பார்சல், வெயில்ல வெளுத்த கூடைன்னு சேதாரத்துக்கு பத்துக்கு ஒண்ணு சேர்த்தா 781. அப்போ 800 ரூபாய், கூரியர் தனி.

"பஸ் ஸ்டாண்டு கடையில 350தானே"ன்னு ஒருத்தர் கண்டிப்பா கேப்பாங்க. அந்த விலைக்கு நீயும் கொடுத்தா, செலவு போக 60 ரூபாய் மிஞ்சும். 7 மணி நேரத்துக்கு 60 ரூபாய், அதாவது மணிக்கு ஒன்பது ரூபாய்கூட தேறாது. நூறு நாள் வேலைக்கு 2025-26ல தமிழ்நாட்டுக்குன்னு அறிவிச்ச கூலியே நாளுக்கு 336 ரூபாய். அதுக்குக் கீழ போற விலையை வாயில இருந்து விடாத. அந்த விலைக்குத்தான் போகும்னா, அந்தக் கூடையைப் பின்னுறதை விட்டுட்டு வேற டிசைன் பாரு. சாதாரணப் பின்னலை எல்லாரும் போடுறாங்க. சிவன் கண், நெல்லிக்காய் பின்னல்ல சுத்தமா கை வெச்சிருக்கிறவங்களைத் தேடி வர்ற ஆள் தனி.

விலையைப் பதிவுலயே போட்டுடு. இன்பாக்ஸ்ல வரச் சொல்றது நூறு பேர்கிட்ட ஒரே பதிலை டைப் பண்ற வேலை. விலை தெரியாததால கேக்கக் கூச்சப்பட்டு நகர்ந்து போறவங்கதான் பெரும்பாலும் வாங்கக்கூடியவங்க. இன்னொண்ணு, சொந்தக்காரங்களுக்கு எவ்வளவு தள்ளுபடின்னு இப்பவே ஒரு கணக்கு முடிவு பண்ணி வை. சித்திக்கு ஒரு விலை, அத்தைக்கு ஒரு விலைன்னு ஆரம்பிச்சா அது குடும்ப வாட்ஸ்அப் குரூப்புக்கு வந்துதான் நிக்கும்.

பழைய துணியை வெட்டுறதுக்கு முன்னாடி

பழைய சேலையை எடுத்ததும் கத்திரிக்கோலைத் தூக்காத. வெளிச்சத்துக்கு நேரா விரிச்சுப் பிடிச்சுப் பாரு. பட்டு பல வருஷம் ஒரே மடிப்புல இருந்தா, அந்த மடிப்புக் கோட்டுலதான் முதல்ல விட்டுப்போகும். இழுத்துப் பார்த்தா 'சர்'னு கிழியுற துணியில பை தெச்சு வித்தா, ரெண்டாவது வாரம் புகார் வரும். அந்த மாதிரித் துணியை அடியில கேன்வாஸ் கொடுத்து, எடை தாங்காத பொருளா மாத்து. தலையணை உறை, ஃபோட்டோ ஃபிரேம், கொலுப் படிக்குப் போடுற விரிப்பு, இந்த மாதிரி.

பட்டா பாலியெஸ்டரான்னு சந்தேகம் வந்தா ஓரத்துல ஒரு இழை உருவி நெருப்புல காட்டு. பட்டு முடி கருகுற வாசனையோட பொசுங்கி, தொட்டா பொடியா உதிரும். பாலியெஸ்டர் உருகி, கெட்டியா ஒரு மணி மாதிரி உருண்டுக்கும். ரொம்பப் பழைய சேலையில ஜரிகை வெள்ளியில இருக்கலாம். ஜரிகை வாங்குற கடையில காட்டிட்டு அப்புறம் வெட்டு. பை வித்த காசைவிட ஜரிகைக் காசு கூட இருந்துச்சுன்னா அப்புறம் மனசு கேக்காது.

பருத்தின்னா சாயம் போகுதான்னு பார்க்கணும். ஈர வெள்ளைத் துணியால அழுத்தித் தேய், நிறம் ஒட்டினா நல்லா அலசிட்டுத்தான் தையல். உள்ளே வைக்கிற லைனிங் துணியையும் நனைச்சுக் காயவெச்சு வெட்டு. இல்லேன்னா முதல் துவைப்புலயே மேல் துணி ஒரு பக்கம், உள் துணி ஒரு பக்கம்னு சுருங்கிடும்.

தமிழ்நாட்டுல 2019 ஜனவரி 1ல இருந்து பிளாஸ்டிக் கேரி பேக்குக்குத் தடை இருக்கு. கல்யாணத் தாம்பூலம், வளைகாப்பு, கொலுவுக்கு ரிட்டர்ன் கிஃப்ட்னு துணிப்பைக்கு மொத்த ஆர்டர் வர்றது நல்ல வழி. மொத்த ஆர்டர்ல மட்டும் ஒண்ணைத் தெளிவாச் சொல்லிடு: பழைய சேலையில தெக்கிற பை 50ம் ஒரே மாதிரி இருக்காது. "நிறம் கலந்துதான் வரும்"னு எழுதி, அவங்க "சரி"ன்னு அனுப்பின பதிலை அழிக்காம வை. பாதிப் பணம் வராம துணியில கை வைக்காத.

பழசு எவ்வளவு பழசு?

எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

பழைய பொருள் கிடைக்கிற இடம்னா எல்லாரும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவைச் சொல்வாங்க. போய்ப் பாரு, கண்ணுக்கும் கைக்கும் நல்ல பயிற்சி. ஆனா அங்க கடைக்காரங்க விலை தெரிஞ்சவங்க, நீ வாங்கி மேல லாபம் வெச்சு விக்கிறது சிரமம். உன்னோட நல்ல காலம் ஜனவரி. போகிக்குப் பத்து நாள் முன்னாடியே தெருவுல, சொந்தத்துல சொல்லி வை. பரண் ஒழிக்கிற வீடுகள்ல இருந்து அஞ்சறைப் பெட்டி, பல்லாங்குழி, தகரப் பெட்டி, எனாமல் தட்டுன்னு இறங்கும். பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போறதுக்கு முன்னாடி உன்கிட்ட காட்டச் சொல்லு. எடை விலைக்கு மேல நாலு காசு கொடுத்தா அடுத்த வருஷமும் கூப்பிடுவாங்க. வாங்கும்போதே யார் வீடு, எந்த ஊர், அவங்க சொன்ன கதை என்னன்னு ஒரு சீட்டுல எழுதி பொருளுக்குள்ளேயே போட்டு வை.

வயசைச் சொல்றதுக்கு நிபுணரா இருக்கணும்னு இல்ல, எழுத்தைப் படிச்சாப் போதும். தகர டப்பாவுலயோ பழைய பெட்டியிலயோ விலை அணாவுல இருந்தா, 1957 ஏப்ரல் 1க்கு முன்னாடின்னு பெரும்பாலும் வெச்சுக்கலாம். அன்னைக்குத்தான் நூறு பைசா கணக்கு வந்துச்சு. 'நயா பைசா'ன்னு இருந்தா அதுக்கு அப்புறம் 1964 வரைக்கும். விலாசத்துல 'மெட்ராஸ் ஸ்டேட்'னு இருந்தா 1969 ஜனவரிக்கு முன்னாடி இருக்கலாம். ஆறு இலக்க பின்கோடு இருந்தா 1972 ஆகஸ்ட் 15க்கு அப்புறம்தான், அதுல சந்தேகமே இல்ல. ஊர் பேர் 'சென்னை'ன்னு ஆங்கிலத்துலயும் அச்சாகியிருந்தா 1996க்குப் பக்கத்துலயோ பின்னாடியோ. இலங்கையில இருந்து வந்த டீ டப்பாவுல 'சிலோன்'னு இருக்குன்னு மட்டும் நம்பி 1972க்கு முன்னாடின்னு எழுதிடாத. நாட்டுப் பேர் மாறினாலும் டீயோட பேர் மாறல, இன்னைக்கும் சிலோன் டீதான். செட்டிநாட்டு எனாமல் சாமானைக் கவிழ்த்துப் பார்த்தா அடியில முத்திரை இருக்கும். 'செக்கோஸ்லோவாக்கியா'ன்னு இருந்தா அந்த நாடு 1918ல பிறந்து 1992 முடிவோட பிரிஞ்சுபோச்சு, அதுக்குள்ளதான். பாத்திரத்துல புள்ளி புள்ளியா பேர் வெட்டி, கல்யாணத் தேதியும் போட்டிருந்தா உனக்கு வேலையே இல்ல. அதைத் தேய்ச்சு அழிச்சுடாத, வாங்குறவங்க அதுக்குத்தான் வாங்குறாங்க.

உலோகத்தைச் சோதிக்கக் கையில ஒரு காந்தம் போதும். 'பித்தளை'ன்னு சொன்ன விளக்குல காந்தம் ஒட்டினா உள்ளே இரும்பு, மேல முலாம். வெண்கலத்தைத் தட்டினா நாதம் நீண்டு ஒலிக்கும். பளபளன்னு தேய்ச்சுப் போட்டாத்தான் விலை போகும்னு நினைச்சு எல்லாத்தையும் புளி போட்டுத் தேய்க்காத. கருத்த நிறத்தோட கேக்குறவங்க நிறைய பேர் இருக்காங்க. தூசி துடைச்சு, ஒரு ஓரம் மட்டும் தேய்ச்சுக் காட்டி, "வேணும்னா முழுசாத் தேய்ச்சுத் தர்றேன்"னு எழுது.

சமையலுக்கு ஆகுமாங்கிற கேள்வி கட்டாயம் வரும். உள்ளே ஈயம் பூசாத பித்தளையில புளிக்குழம்பு வைக்கக் கூடாது, உலோகம் கசியும். எனாமல் உடைஞ்ச தட்டு, பழைய பெயின்ட் அடிச்ச பொம்மை, என்ன கலவைன்னு தெரியாத ஈயச்சொம்பு, இதுக்கெல்லாம் "அலங்காரத்துக்கு மட்டும்"னு எழுதிடு. காரீயம் கலந்திருந்தா விஷம். அதைக் கண்ணால பார்த்துச் சொல்ல உன்னாலயும் முடியாது, என்னாலயும் முடியாது.

இப்போ சட்டம். 1972ல வந்த தொல்பொருள் சட்டப்படி, 100 வருஷம் ஆன சிற்பம், ஓவியம், கைவேலைப் பொருள் எல்லாம் தொல்பொருள். ஓலைச்சுவடி மாதிரியான கையெழுத்துப் பிரதிக்கு 75 வருஷமே போதும். அதை வாங்கி விக்கிற தொழிலுக்கு லைசென்ஸ் வேணும், வெளிநாட்டுக்குத் தனியார் அனுப்பவே கூடாது. அதனால விலை ஏறட்டும்னு "150 வருஷப் பழசு"ன்னு பெருமைக்கு ஒரு வரி எழுதாத. பொருள் 60 வருஷமா இருந்தாலும், நீயே உன் கையால அதைச் சட்டத்துக்குள்ள தள்ளிவிடுற. தெரிஞ்சது "1957க்கு முந்தைய பெட்டி"ன்னா அதை மட்டும் எழுது. வெளிநாட்டுக்கு அனுப்புற பொருள்ல சந்தேகம் இருந்தா, தொல்பொருள் இல்லைங்கிற சான்று தொல்லியல் துறையில வாங்கலாம். ஐம்பொன் சிலை, கோயில் மரச் சிற்பம், யானைத் தந்தம் வெச்ச சாமான், இதை யார் எவ்வளவு மலிவாக் கொடுத்தாலும் வீட்டு வாசலுக்கே வரவிடாத.

ஊர்ப் பேரும் அப்படித்தான். செட்டிநாடு கொட்டான், பத்தமடைப் பாய், பவானி ஜமக்காளம், தஞ்சாவூர் ஓவியம் எல்லாம் புவிசார் குறியீடு வாங்கினது. வேற எங்கயோ முடைஞ்ச ஓலைக்கூடைக்கு 'செட்டிநாடு கொட்டான்'னு பேர் வெச்சா 1999ஆம் வருஷச் சட்டத்துல 6 மாசத்துல இருந்து 3 வருஷம் வரைக்கும் சிறை. 'பனை ஓலைப் பெட்டி, ராமநாதபுரத்துல முடைஞ்சது'ன்னு உள்ளதை எழுதினா அதுவும் நல்லாத்தான் விக்கும்.

படமும் விவரமும்

காலை வெளிச்சம் வர்ற ஜன்னல் பக்கம், வெள்ளை வேட்டி ஒண்ணை விரிச்சு எடு. அடிப்பக்கம், உள்பக்கம், கைப்பிடி சேர்ற இடம், அப்புறம் குறை. நசுங்கல், விரிசல், துரு எங்க இருக்கோ அங்க கிட்டப் போய் ஒரு படம். குறையை முன்னாடியே காட்டின பொருள் திரும்பி வர்றது அபூர்வம். ஃபில்டர் போட்டா சேலை நிறம் மாறிடும், வேண்டாம். அளவை சென்டிமீட்டர்லயும் அங்குலத்துலயும் போடு, எடையும் போடு. பாத்திரம்னா தண்ணி ஊத்தி அளந்து எத்தனை லிட்டர்னு எழுது. "நாலு பேருக்கு சாதம் வடிக்கலாமா"ன்னு கேக்குறவங்களுக்கு அதுதான் பதில்.

பேரை ரெண்டு மூணு விதமா எழுது. கூஜா, தூக்குவாளி, உருளின்னு தமிழ்லயும் ஆங்கில எழுத்துலயும் போட்டாத்தான் தேடுறவங்க கண்ல படும். அடுத்தவங்க படத்தை எடுத்து "இதே மாதிரி செஞ்சு தரப்படும்"னு போடாத. உன் தோழிகளை விட்டு வாங்காத பொருளுக்கு ரிவ்யூ எழுதவும் சொல்லாத. விக்கிறவங்க தன்னையே வாடிக்கையாளராக் காட்டி ரிவ்யூ போடுறதை 2020ஆம் வருஷ இ-காமர்ஸ் விதி தடுக்குது.

வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்ல 500 பொருள் வரைக்கும் கேட்டலாக் போடலாம், செலவில்லாம ஆரம்பிக்க அது போதும். இன்ஸ்டாகிராமை மட்டும் நம்பி உக்காராத. "காப்பிரைட் புகார் வந்திருக்கு, இந்த லிங்க்ல போங்க"ன்னு ஒரு மெசேஜ் வரும், தட்டினா கணக்கு போச்சு. ரெண்டடுக்குப் பாதுகாப்பு போடு, வாங்கினவங்க பேரும் நம்பரும் ஒரு நோட்டுலயும் இருக்கட்டும்.

பணம், பார்சல்

பணம் அனுப்பினதா ஸ்கிரீன்ஷாட் வந்தா அதைப் பார்க்காத, உன் வங்கிக் கணக்கைத் திறந்து பாரு. "நான் ராணுவத்துல இருக்கேன், மொத்தமா வாங்கிக்கிறேன், இந்த கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்க பணம் வரும்"னு ஒருத்தன் பேசுவான். பணம் வாங்குறதுக்கு யுபிஐ பின் போடவே தேவையில்ல. பின் கேட்டா உன் காசுதான் போகுது. பொருள் வந்ததும் காசுங்கிற கேஷ் ஆன் டெலிவரியை ஆரம்பத்துல எடுக்காத. திரும்பி வந்தா போக வர ரெண்டு கூரியர் காசும் உன் தலையிலதான்.

கூரியர்ல எடை மட்டும் கணக்கு இல்ல, இடமும் கணக்கு. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டர்ல பெருக்கி பல கூரியர்ல 5000ஆல வகுப்பாங்க. 40க்கு 30க்கு 30 பெட்டின்னா 7.2 கிலோ. உள்ளே இருக்கிற கூடை முக்கால் கிலோதான்! அதனால ஒண்ணுக்குள்ள ஒண்ணு போற மாதிரி மூணு கூடையா செட் போட்டு வில்லு. பித்தளைக்கு நேர் எதிர், இடம் குறைவு, எடை அதிகம். அதுக்கு அஞ்சலக விலையையும் ஒரு தடவை கேட்டுடு. ஓலைப் பொருளை ஐப்பசி, கார்த்திகை மழையில காயாம பேக் பண்ணினா போய்ச் சேரும்போது பூஞ்சை பூத்திருக்கும். வெயில்ல காட்டி, சூடு ஆறினதும் மூடு. விலை கூடின பொருள்னா பேக் பண்றதை ஒரு சின்ன வீடியோவா எடுத்து வை.

வெளிநாடும் வரியும்

எட்ஸி 2005ல நியூயார்க் புரூக்ளின்ல ஆரம்பிச்ச சந்தை. கைவேலைக்கும் பழசுக்கும் அங்க தனி மரியாதை. 'வின்டேஜ்'னு போட 20 வருஷம் ஆகியிருந்தாலே போதும், பேர் வெட்டின பழைய எவர்சில்வர் தூக்குகூடச் சேர்த்தி. பொருள் ஒண்ணைப் பட்டியல்ல போட 4 மாசத்துக்கு 0.20 டாலர். வித்தா 6.5 சதவீதம், அதுவும் நீ வாங்குற கூரியர் காசுக்கும் சேர்த்து. பணம் கைக்கு வர்ற கட்டணம் தனி. ஏற்றுமதிக் குறியீட்டு எண் வாங்க 500 ரூபாய். அமெரிக்கா 800 டாலர் வரைக்கும் கொடுத்த வரிவிலக்கை 2025 ஆகஸ்ட் 29ல இருந்து எடுத்துட்டாங்க, அங்க அனுப்பும்போது வரியை யார் கட்டுறதுன்னு முன்னாடியே பேசிக்கோ.

ஜி.எஸ்.டி.யில மூணு விஷயம் தெரிஞ்சா போதும். நம்ம மாநிலத்துக்குள்ள நேரடியா பொருள் விக்க வருஷம் 40 லட்சம் வரைக்கும் பதிவு தேவையில்ல. பெரிய ஆன்லைன் சந்தை வழியா விக்கணும்னா முன்னாடி எல்லாருக்கும் கட்டாயம். 2023 அக்டோபர் 1ல இருந்து, அதே வரம்புக்குள்ள மாநிலத்துக்குள்ள மட்டும் விக்கிறவங்க முழுப் பதிவு இல்லாம ஒரு சேர்க்கை எண் மட்டும் வாங்கினாப் போதும். வேற மாநிலத்துக்கு நேரா அனுப்புற கைவினைப் பொருளுக்கு, பான் இருந்தா 20 லட்சம் வரைக்கும் விலக்கு உண்டு, ஆனா எந்தெந்தப் பொருள்னு அரசாங்கப் பட்டியல் இருக்கு. நீ வாங்கி விக்கிற பழைய பித்தளை அதுல சேருமாங்கிறதை ஆடிட்டர்கிட்ட கேளு. சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு அரசுத் தளத்துல இலவசம், காசு கேக்குற தளத்தை மூடிடு. கூடை, பாய் முடையுறவங்களும் பொம்மை செய்யுறவங்களும் பி.எம். விஸ்வகர்மா திட்டத்துல இருக்கிற 18 தொழில்ல வர்றாங்க. முதல் கடன் 1 லட்சம் வரைக்கும், வட்டி 5 சதவீதம்னு அந்தத் திட்டத்துல இருக்கு. நம்ம ஊர்ல கிடைக்குதான்னு முதல்ல விசாரிச்சுக்கோ.

கடைசியா, எந்தத் தேதியோட ஆர்டரை மூடுறதுங்கிறது. கொலுவுக்கும் தீபாவளிக்கும் நடுவுல ஆசை யாரை விட்டது? ஆனா நாளுக்கு ஒரு கூடைன்னா ஒரு கூடைதான். இடுப்பும் விரலும் அதுக்கு மேல ஒத்துக்காது. கையில இருக்கிற ஆர்டரை எண்ணி, கூரியருக்கு ஒரு வாரம் விட்டு, மூடுற தேதியைப் பதிவுல மேலேயே போடு. தேதிக்கு அப்புறம் கேக்குறவங்ககிட்ட, "இப்போ முடியாதுங்க. கார்த்திகை தீபத்துக்குள்ள வேணும்னா பேரை எழுதிக்கிறேன்"னு சொல்லிட்டு, நிஜமாவே நோட்டுல எழுதிக்கோ.